ஆள் போன பின் வரும் சூடு

செலின் மேடத்திடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த சென்னியப்பன், அவரைவிட எட்டு வயது மூத்தவர்.

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். உலையில் உருகிக் கிடக்கும் இரும்பின் சூட்டை அளந்து சொல்வதுதான் அவர் வேலை. முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்புகள் இருக்கும். வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் இயற்பியல் படித்து எம்.எஸ்சி. முடித்திருந்தார். மனைவி இறந்த மறு வருடம் வேலையை விட்டுவிட்டு எங்கள் நிறுவனத்துக்கு ஆராய்ச்சிக்கு வந்தார்.

அதே ஆய்வகத்தில் அப்போது நானும் மாணவி. கட்டடத்துக்கு அடியில், ஜன்னலே இல்லாத ஒரு நிலவறை அது. என் வாழ்க்கையில் நான் அதிகம் சிரித்தது அங்கேதான் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் வந்த முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிறவர் மாதிரி வந்தார்.

"உங்க ஃபவுண்டரியில எவ்வளவு துல்லியமா அளப்பீங்க, சார்?" என்று மேடம் கேட்டார்.

"சார்னு கூப்பிடாதீங்க மேடம். நான் உங்க ஸ்டூடண்ட்டுங்க."

"சரி, சொல்லுங்க சார்."

சென்னியப்பன் சிரித்துவிட்டார். "பத்து டிகிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருந்தாப் பரவாயில்லீங்க."

"இங்க ஒரு டிகிரிய நூறு கோடியாப் பிரிச்சு, அதுல சில பங்கு."



"அவ்வளவு சின்னதா அளந்து என்னங்க பண்றது?"

"அங்க என்ன இருக்குன்னு எனக்கும் முழுசாத் தெரியாது," என்றார் மேடம். "நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அப்படித்தான் அவர் எங்களில் ஒருவரானார்.

அளக்கும் கருவி என்று சொன்னால், அது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு படிக வட்டுதான். கண்ணாடி மாதிரி இருக்கும். அதன் விளிம்பைக் கையாலேயே மாதக் கணக்கில் மெருகேற்ற வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய ஒரு இழை வழியாக லேசர் ஒளியைக் கொண்டுபோய் அந்த விளிம்பில் விட்டால், ஒளி வெளியே வராமல் விளிம்பை ஒட்டியே சுற்றும். லட்சக்கணக்கான தடவை சுற்றும். ஆனால் எல்லா நிறமும் சுற்றாது. வட்டின் அளவுக்குச் சரியாகப் பொருந்துகிற நிறம் மட்டுமே சுற்றும். வட்டு துளி சூடானால் துளி விரியும். பொருந்துகிற நிறமும் மாறிவிடும். அந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் சூட்டைச் சொல்வோம்.

மேடம் ஒரே வட்டில் இரண்டு ஒளிகளை விடுவார். ஒன்று நின்றபடி அதிர்வது, மற்றது படுத்தபடி அதிர்வது. சூடு ஏறினால் இரண்டும் நகரும். ஆனால் ஒரே அளவு நகராது. இரண்டுக்கும் நடுவே விழுகிற இடைவெளிதான் எங்கள் வெப்பமானி.

"வெளியில இருக்குற எந்தத் தெர்மாமீட்டரும் இதுக்கு ஈடு இல்லைன்னா, இது சொல்றது சரின்னு எதை வெச்சுங்க பாக்குறது?" என்று சென்னியப்பன் ஆரம்பத்திலேயே கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்காங்க," என்றார் மேடம். "ஒருத்தர் சொல்றத இன்னொருத்தரை வெச்சுப் பாக்குறதுதான்."

அந்த வட்டு செம்புக் கூட்டுக்குள் இருந்தது. அந்தக் கூடு காற்றில்லாத உருளைக்குள் இருந்தது. அதற்கும் வெளியே இன்னும் இரண்டு உறைகள். வட்டுக்குக் கீழே ஒரு குட்டிச் சூடேற்றி. வட்டு குளிர்ந்தால் அது கொஞ்சம் ஏற்றும், சூடானால் விட்டுப்பிடிக்கும். வட்டு ஒரே சூட்டில் நிற்க வேண்டும். திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடும். அது நேராக ஓடினால் வட்டு நிற்கிறது என்று பொருள்.

கோடு நேராக ஓடவில்லை. அலை அலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. மாலையில் எல்லோரும் ஆய்வகத்தின் மூலையில் இருந்த மேசையைச் சுற்றி உட்காருவோம். துப்புரவு வேலை பார்க்கும் ரங்கம்மா பிளாஸ்கில் டீ கொண்டுவருவார். மேடம் ஊரிலிருந்து வந்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் பிரிக்கப்படும். மேடம் முட்டத்துக்காரர். கடலுக்குப் போகிறவர்களின் வீட்டிலிருந்து படித்து வந்தவர். அவர் பேசும்போது நாஞ்சில் நாட்டு இழுப்பு இருக்கும். கோபம் வந்தால் மட்டும் இலக்கணத் தமிழில் பேசுவார். ரங்கம்மா அதைப் பேசிக் காட்டுவார். மேடம் உட்படச் சிரிப்போம்.

சென்னியப்பனும் சிரிப்பார். ஆனால் கண் திரையிலேயே இருக்கும்.

ஒரு நாள் மதியம் அவர் மேடத்தை அழைத்து வந்தார். நானும் கூட இருந்தேன்.

"இங்க பாருங்க மேடம். இந்த அலை உச்சத்துல நிக்கறப்ப ரூம்ல யாருமே இல்லீங்க. கதவு பூட்டியிருந்துச்சு. ஏசி ஒரே மாதிரி ஓடுது. கரண்ட்டும் ஆடல. காலி ரூம்ல யாருங்க சூடு பண்றது?"

மேடம் திரையைப் பார்த்தார்.

"யாரு இருக்காங்கன்னு கேக்காதீங்க. யாரு இருந்துட்டுப் போனாங்கன்னு கேளுங்க."

அவருக்கு உடனே விளங்கவில்லை. இரண்டு நாள் கழித்து விளங்கியது. அறைக்குள் ஒரு ஆள் வந்து நின்றால் அவர் உடம்புச் சூடு வெளி உறையில் படும். அங்கிருந்து அடுத்த உறை, அதிலிருந்து உருளை, பிறகு செம்புக் கூடு. வட்டுக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அந்த ஆள் போயே போயிருப்பார். காலி அறையில் எழுந்த ஒவ்வொரு அலையும் யாரோ ஒருவருடையது.

"இது ரங்கம்மா கூட்டிட்டுப் போனது," என்று அலைகளைத் தொட்டுத் தொட்டு எனக்குக் காட்டினார். "இது நீ குடைய எடுக்க வந்தியே அம்மிணி, அது. இந்தப் பெரிசு நேத்து நாம டீ குடிச்சது."

நான் அந்தப் பெரிய அலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நேற்று மாலை நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்பது எனக்கே மறந்து போயிருந்தது. வட்டில் அது பதிந்திருந்தது.

ஆனால் சென்னியப்பன் முகம் இறுகிவிட்டது.

மறுநாள் ஆய்வக வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. யாரும் உள்ளே போகக்கூடாது. டீ மேசையைத் தூக்கி மாடி வராந்தாவில் போட்டுவிட்டார். கணினியைப் பக்கத்து அறைக்கு மாற்றி, சுவரில் துளை போட்டு ஒயர்களை இழுத்துக்கொண்டார். ரங்கம்மா விளக்குமாற்றோடு வந்து நாடாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

செலின் மேடம் ஒருநாள் வந்து நாடாவுக்கு வெளியே நின்றார்.

"நானும் வரக்கூடாதா, சார்?"

"மன்னிச்சுக்கோங்க மேடம். நானே போறதில்லீங்க."

மேடம் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

சென்னியப்பன் அப்படிப் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் திட்டத்துக்கான அனுமதிக் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. வடக்கே ஒரு ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு குழு வந்து கருவியைப் பார்க்கப் போகிறது என்று அறிவித்திருந்தார்கள். வட்டு ஒரு மதியம் முழுக்க நிலையாக நின்று காட்ட வேண்டும். நின்றால் திட்டம் தொடரும். இல்லையென்றால் ஆய்வகத்தையே மூடிவிடுவார்கள். நான் வேறு இடத்தில் சேர்ந்துவிடலாம். சென்னியப்பனுக்கு அந்த வயதில் வேறு எங்கே சேர்த்துக்கொள்வார்கள்?

மாடி வராந்தாவில் கொஞ்ச நாள் டீ குடித்தோம். வெயில் அடித்தது. மற்ற துறைக்காரர்கள் போகும்போது வரும்போது நின்று பேசினார்கள். மெல்ல மெல்ல ஆளுக்கொரு பக்கமாகக் குடிக்க ஆரம்பித்தோம். சென்னியப்பன் கொண்டுவந்த சோற்றைத் திரைக்கு முன்னாலேயே தனியாகச் சாப்பிடுவார்.

சில மாதங்களில் கோடு நேரானது. ஆளில்லாத அறைக்குத் தகுந்தபடி, சூடேற்றி மிக மெதுவாக, மிக மென்மையாக வேலை செய்யும்படி கணக்கை மாற்றி மாற்றி அமைத்திருந்தார். பச்சைக் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது மாதிரி ஓடியது. அவர் மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றுதான் ரொம்ப நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிச்சி.

"நின்னிருச்சுங்க மேடம்."

"நல்லா நிக்குது," என்றார் மேடம். "வர்றவங்க எத்தனை பேரு?"

"நாலு பேருங்க. அவங்களையும் இந்த ரூம்லயே உக்கார வெச்சு ஸ்கிரீன்ல காட்டிரலாம். உள்ள விட வேண்டாம்."

மேடம் கோட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் மாலை மேடம் ரங்கம்மாவைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டார். தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். வராந்தாவில் கிடந்த மேசையை நாங்கள் நான்கு பேரும் தூக்கிக்கொண்டு கீழே வந்தோம். மேடம் சிவப்பு நாடாவை அவிழ்த்துச் சுருட்டி மேசை மேல் வைத்தார். உள்ளே போய், பழைய மூலையிலேயே மேசையைப் போட்டு, ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றினோம்.

"மேம், அவருக்குச் சொல்ல வேண்டாமா?" என்று நான் கேட்டேன்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல அவருக்கே தெரியும்," என்றார்.

அப்படியே ஆனது. டீ குடித்து முடித்து, ரங்கம்மா தன் மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். கதவு படாரென்று திறந்தது. சென்னியப்பன் நின்றார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"கோடு ஓடிப்போயிருச்சுங்க," என்றார். "வட்டுல இருந்து லைட்டே நழுவிருச்சு. சூடேத்தி என்ன பண்றதுன்னு தெரியாம அங்கிட்டும் இங்கிட்டும் அலையுது. மேடம், எத்தனை மாச வேலைங்க இது!"

"ஆமா."

"தெரிஞ்சேதான் பண்ணுனீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"ஏனுங்க? நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?" அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. ரங்கம்மா எழுந்து சுவரோரம் போய் நின்றார்.

மேடம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

"காலி ரூம்ல எது வேணா நேரா நிக்கும், சார்."

சென்னியப்பன் வாசலிலேயே நின்றார். வெகு நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரங்கம்மா ஒரு கிளாஸில் டீ ஊற்றி அவர் முன்னால் வைத்தார். அது ஆறிப்போய்த்தான் இருந்தது. அவர் குடித்தார்.

அதற்கப்புறம் வந்த வாரங்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சென்னியப்பன் கணினியைத் திரும்ப ஆய்வகத்துக்கே கொண்டுவந்து, கணக்கை முதலிலிருந்து போட்டார். ஒரு ஆளை உள்ளே உட்காரவைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு பேர். பிறகு நடமாட்டம். வட்டுக்குச் சூடு வந்து சேரும்வரை காத்திருந்தால் சூடேற்றியால் எட்டிப்பிடிக்க முடியவில்லை.

"உலையில வெளிச் சுவருதாங்க மொதல்ல சொல்லும்," என்றார் ஒருநாள். "அங்க ஒரு காதை வெச்சுட்டா என்ன?"

"வெச்சுப் பாருங்க," என்றார் மேடம்.

வெளி உறையில் சின்ன வெப்பமானி ஒன்றைப் பொருத்தினார்கள். ஆள் வந்ததுமே அது சொல்லிவிடும். சூடு இன்னும் வழியில் இருக்கும்போதே சூடேற்றி தயாராகிவிடும். எவ்வளவு முன்னால், எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அதற்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். நாங்கள் எல்லோரும் தினமும் உள்ளே போய் உட்கார்ந்தோம். வேறு வேலை இல்லாதவர்களைக் கூட்டி வரச் சொல்லி ரங்கம்மாவிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர் காவல்காரர்களை, கேன்டீன்காரர்களை எல்லாம் அழைத்து வந்தார்.

"என் சூட்டையும் கணக்குல சேத்துக்கிட்டீங்களா, அண்ணா?" என்று ரங்கம்மா கேட்பார்.

"உம்பட சூடுதான் ரங்கம்மா இருக்கறதுலயே பெரிசு. நீ ஒரு எடத்துல உக்கார மாட்டீங்கறியே."

சும்மா உட்கார்ந்திருக்க முடியாதே, அதனால் பேச்சு ஓடியது. அந்த நாட்களில்தான் சென்னியப்பன் தன் மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதுவரை அந்த அம்மாவின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. பூங்கொடி.

சென்னியப்பன் எம்.எஸ்சி. படித்தபோது பூங்கொடிதான் பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பாராம். பூங்கொடிக்கு எழுத்துக் கூட்டித்தான் ஆங்கிலம் வரும். இவர் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிடும்போது, எதிரே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவாராம்.

"தெர்மோடைனமிக்ஸுன்னு அவளுக்கு வாய்ல வராதுங்க. தர்மு டைனமிக்ஸுன்னுதான் சொல்லுவா. அப்பறம் அதுவும் போயி, வெறும் தர்மு ஆயிருச்சு. 'இன்னிக்கு தர்மு படிச்சாச்சா?'ம்பா. தெருவுல இருக்கறவங்க யாரோ தர்முன்னு ஒரு பொம்பளைன்னு நெனச்சுக்கிட்டாங்க."

ரங்கம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் தப்பாச் சொன்னாலும் அவளுக்குத் தெரியாதுங்களே. ஆனா கண்டுபிடிச்சுருவா. சரியான பதில்னா சோத்த முழுங்கிட்டுச் சொல்லுவனாம். தப்புன்னா மென்னுக்கிட்டே சொல்லுவனாம்."

அன்று எங்கள் சிரிப்பு ஒரு மணி நேரம் கழித்து வட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கோடு கொஞ்சமே கொஞ்சம் தூக்கியது. பிறகு தானாகவே படிந்து நேராகிவிட்டது. சென்னியப்பன் மேசையைத் தட்டினார். மேடம் தன் பங்கு சிப்ஸை அவர் பக்கம் தள்ளினார்.

இனி எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். முடியவில்லை.

ஆட்கள் வந்தாலும் போனாலும் கோடு நின்றது. ஆனால் திரையில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால், கோடு நேர்க்கோடு இல்லை. அதில் ஒரு நடுக்கம் இருந்தது. மிகச் சின்ன நடுக்கம். ஒழுங்கே இல்லாதது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே அளவு.

சென்னியப்பன் அதை விடவில்லை. லேசரை மாற்றினார். ஒயர்களை மாற்றினார். மேசைக்குக் கீழே ரப்பர் கட்டைகளை மாற்றினார். இழையை மறுபடி பொருத்தினார். நடுக்கம் அப்படியே இருந்தது. குழு வருகிற நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது.

"எங்கியோ ஒண்ண நான் விட்டுட்டேன் மேடம். என்னோட தப்புதாங்க. வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?"

மேடம் ஒரு சாக்பீஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"தேடுறத நிறுத்துங்க. ஒரு கணக்குப் போடுங்க. வட்டோட எடை தெரியும். என்ன சூட்டுல இருக்குன்னு தெரியும். யாரும் தொடல, எதுவும் படல, வெளி உலகமே இல்லைன்னு வெச்சுக்கோங்க. அப்ப இந்த வட்டு எவ்வளவு ஆடணும்?"

"எதுவும் படலைன்னா ஏனுங்க ஆடப்போவுது?"

"போட்டுப் பாருங்க."

அவர் பலகையில் போட்டார். அது பாடப்புத்தகத்தில் இருக்கிற கணக்குதான். வட்டுக்குள் இருக்கும் கோடானு கோடி அணுக்கள் எல்லாம் தங்கள் சூட்டில் சதா அசைந்துகொண்டே இருக்கின்றன. பொருள் கடல் மாதிரிப் பெரிதாக இருந்தால் அந்த அசைவு ஒன்றையொன்று சமன் செய்து, வெளியே தெரியாது. வட்டு ஒரு பொத்தான். அதில் கொஞ்சம் தெரியத்தான் செய்யும். இதையெல்லாம் அவர் பூங்கொடிக்குச் சொல்லிக் காட்டிப் பரீட்சை எழுதியவர்தான். பலகையில் கடைசி வரி வந்ததும், அந்த எண்ணைத் திரையில் இருந்த நடுக்கத்தின் அளவோடு வைத்துப் பார்த்தார்.

இரண்டும் ஒன்றாக இருந்தன.

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வட்டு இருந்த உருளையின் பக்கம் போய், அதன் மேல் கை வைக்கப் போனவர், வைக்காமல் பக்கத்திலேயே நின்றார்.

குழு வந்தது. நான்கு பேர். தலைவர் தேஷ்பாண்டே என்று ஒருவர், கறாரான ஆள். அறைக்குள் வரலாமா, வெளியே இருந்து பார்க்க வேண்டுமா என்று கேட்டார்.

"உள்ளேயே வாங்க," என்று சென்னியப்பன் ஆங்கிலத்தில் சொன்னார். "உக்காருங்க. டீ வரும்."

மதியம் முழுக்க அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். எழுந்து நடந்தார்கள், வாதாடினார்கள், கதவைத் திறந்து போனார்கள், வந்தார்கள். கோடு நின்றது. கடைசியில் தேஷ்பாண்டே கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவருக்கு உடனே கண்ணில் பட்டுவிட்டது.

"இது என்ன நடுக்கம்? இதை ஏன் நீங்கள் எடுக்கவில்லை?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தன் கிளாஸில் மிச்சம் இருந்த டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வெளியே இருந்து வருவதில்லை," என்றார் சென்னியப்பன். "வட்டோடது." பலகையைக் காட்டினார்.

தேஷ்பாண்டே பலகைக்குப் போய் ஒவ்வொரு வரியாகப் படித்தார். திரும்பி வந்து திரையைப் பார்த்தார். பிறகு தன் ஆட்கள் மூவரையும் கூப்பிட்டு, அந்த நடுக்கத்தைத்தான் வெகு நேரம் காட்டிக்கொண்டிருந்தார். நேர்க்கோட்டைப் பற்றி அப்புறம் அவர்கள் பேசவே இல்லை.

திட்டம் தொடர்ந்தது. சென்னியப்பன் டாக்டர் ஆனார். ஈரோட்டில் ஒரு கல்லூரியில் இப்போது பாடம் நடத்துகிறார். செலின் மேடம் வேறு நாட்டுக்கு அழைக்கப்பட்டுப் போனார். ரங்கம்மா ஓய்வு பெற்றுவிட்டார். நான் சென்னையில் இருக்கிறேன். ஒருமுறை அந்த ஊர்ப் பக்கம் போனபோது நிறுவனத்துக்குள் போய்ப் பார்த்தேன். நிலவறையில் உடைந்த நாற்காலிகளையும் பழைய கணினிகளையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். யாராவது கேட்டால், அங்கே உலகத்திலேயே மிகச் சின்னச் சூட்டை அளந்தோம் என்று சொல்லலாம். எனக்கு என்னவோ நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த மூலைதான் முதலில் கண்ணில் பட்டது.

குழு கிளம்பிப் போன அன்று மாலை நடந்தது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

எல்லோரும் வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்கள். ரங்கம்மா கிளாஸ்களை எடுத்துக்கொண்டு மேலே போனார். மேடமும் நானும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். சென்னியப்பன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கோட்டைப் பெரிதாக்கி வைத்திருந்தார்.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"இன்னிக்கு அவ இருந்திருக்கணுங்க."

மேடம் துடைப்பதை நிறுத்தினார்.

"எம் பொண்ணு போன் பண்ணிக் கேட்டா. நல்லா முடிஞ்சுதுன்னு சொன்னேன். எல்லாம் நல்லாத்தானுங்க போகுது. வேலைக்கு வர்றேன். சாப்பிடறேன். உங்க கூடயெல்லாம் சிரிச்சுப் பேசறேன்." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா சும்மா உக்காந்திருக்கறப்ப, யாரும் ஒண்ணும் சொல்லாமயே, உள்ளுக்குள்ள ஒரு மாதிரி ஆடுதுங்க. வருஷமாச்சு. எதையோ சரியாப் பண்ணாம விட்டுட்டனோன்னு தேடிப் பாக்கறேன். ஆஸ்பத்திரிக்கு முன்னாலயே கூட்டிப் போயிருக்கணுமோ, அன்னிக்கு ஷிஃப்டுக்குப் போகாம இருந்திருக்கணுமோன்னு. ஒண்ணும் அகப்படல. ஆனா ஆடறதும் நிக்கலீங்க."

நான் ஈரத் துணியைப் பிடித்தபடி நின்றேன்.

"இது எப்பங்க மேடம் நிக்கும்?"

மேடம் கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சூடு இருக்குற வரைக்கும் நிக்காது, சார்," என்றார்.